கம்பியில்லா மின்சாரம்: பிள்ளைகள் கையால் சுற்றட்டும், பேட்டரியில் மட்டும்

1/
"கம்பியே இல்லாம பல்ப் எரியுது பாருங்க"ன்னு ஒரு காணொளி. இந்த வகையறா உங்க ஃபோனுக்கும் கட்டாயம் வந்திருக்கும். இதை வெச்சு என்கிட்ட மூணு விதமான கேள்வி வருது. பிள்ளைகள் கேக்குறது: "டாக்டர், இதை வீட்டுல செய்யலாமா?" பெத்தவங்க கேக்குறது: "ஷாக் அடிச்சுராதே?" பெரியவங்க கேக்குறது: "காத்துல வர்ற கரண்ட் உடம்புக்குள்ள போனா என்னாகும்?" மூணுக்கும் சேர்த்து ஒரே நீண்ட இழை. கொஞ்சம் பொறுமையா வாசிங்க, உங்க வீட்டுக் கைக்குழந்தைக்குத் தேவையான ஒரு விஷயமும் நடுவுல வருது.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தென்காசி மாவட்டத்துல ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இந்தச் சர்க்யூட்டைத் தன் கையால ஒரு தடவை செஞ்சு பாக்கணும். கடையில விக்கிற ரெடிமேட் மாடலை வாங்கிக் கண்காட்சி மேசையில வைக்கிறதைச் சொல்லல. கம்பியைத் தானே சுத்தி, முனையைத் தானே சுரண்டி, எரியலைன்னா ஏன் எரியலைன்னு தானே தேடணும். ஒரே ஒரு நிபந்தனை: பேட்டரியில மட்டும். வீட்டு ப்ளக் பக்கமே போகக் கூடாது.

3/
ஒரு டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு தோணும். காரணம் இருக்கு. இந்த மேசை விளையாட்டுல நடக்கிற அதே விஷயந்தான், பிறவியிலேயே காது கேக்காத குழந்தைக்குப் பொருத்துற காக்ளியர் கருவியில ஒவ்வொரு நொடியும் நடக்குது. தோலுக்கு வெளியே ஒரு காயில், தோலுக்கு உள்ளே ஒரு காயில். நடுவுல கம்பி கிடையாது. இதைப் புரிஞ்சுக்கிட்ட ஊர் கருவியைப் பாத்துப் பயப்படாது. புரியாத ஊர்ல "மூளைக்குள்ள கரண்ட் போகுதாம்"னு யாராவது ஒருத்தர் சொன்னாலே போதும், குழந்தை காதுல இருந்து கருவி கழண்டுடும்.

4/
முதல்ல சர்க்யூட். தேவையானவை:
• 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு
• 2என்2222 ட்ரான்சிஸ்டர் ஒண்ணு
• 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு
• எல்இடி ஒண்ணு
• எனாமல் பூசுன செம்புக் கம்பி, 26 கேஜ், சுமார் 15 மீட்டர்

கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை எல்லா ஊர்லயும் இருக்கு. "அண்ணாச்சி, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு"ன்னு கேட்டா துண்டுக் கம்பி கிடைக்கும். அப்படியே காயில் எப்படிக் கட்டுறாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டு வாங்க. அதுவும் பாடந்தான்.

5/
ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய் அல்லது டப்பா மேல 15 சுத்து சுத்துங்க. அங்கே கம்பியை வெட்டாம ஒரு சின்ன வளையமா வெளியே இழுத்து விட்டுட்டு, அதே திசையில இன்னும் 15 சுத்து. இது அனுப்புற காயில். இன்னொரு காயில் நேரா 30 சுத்து, நடு வளையம் வேண்டாம். அதோட ரெண்டு முனையிலும் எல்இடியை மாட்டிடுங்க. இது வாங்குற காயில். பீடி சுத்துற அம்மாக்கள் இத்தனை பேர் இருக்கிற மாவட்டத்துல, நெருக்கமா சுத்துறது எப்படின்னு நான் சொல்லித் தரணுமா என்ன?

6/
இணைப்பு: நடு வளையம் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. காயிலின் ஒரு முனை ட்ரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. இன்னொரு முனை ரெசிஸ்டர் வழியா பேஸுக்கு. எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. அவ்வளவுதான். ட்ரான்சிஸ்டரோட கால் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்குற கடையிலயே கேட்டுக்குங்க. ட்ரான்சிஸ்டர் சூடாகும். அரை நிமிஷம் எரிய விட்டுட்டு பேட்டரியைக் கழட்டிடுங்க, ஆறினதும் திரும்ப மாட்டலாம்.

7/
எரியலையா? பத்துக்கு எட்டு தடவை காரணம் ஒண்ணுதான்: கம்பி முனையில எனாமலைச் சுரண்டியிருக்க மாட்டீங்க. செம்பு மாதிரியே தெரியும், ஆனா மேல ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, அது கரண்டை விடாது. உப்புத்தாளை வெச்சு நல்லாத் தேய்ங்க. அப்படியும் எரியலைன்னா ட்ரான்சிஸ்டரோட கால் வரிசை சரியான்னு பாருங்க. பேட்டரி பழசான்னு பாருங்க. இந்தத் தேடல் இருக்கு பாத்தீங்களா, நாங்க நோயாளிகிட்டப் பண்றதும் இதுதான். ஒவ்வொரு காரணமா விலக்கிக்கிட்டே வரணும்.

8/
இது எப்படி வேலை செய்யுது? 1831-ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சதுதான் அடிப்படை. ஒரு காயில்ல கரண்ட் மாறிக்கிட்டே இருந்தா அதைச் சுத்தியுள்ள காந்தப் புலமும் மாறிக்கிட்டே இருக்கும். அந்த மாறும் புலம் பக்கத்துக் காயிலைத் தொட்டா அதுலயும் கரண்ட் பிறக்கும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துல மின்காந்தத் தூண்டல்னு இருக்கிறது இதுதான். பேட்டரி தர்றது மாறாத கரண்ட், அதனால அதை நேரா காயில்ல கொடுத்தா வேலைக்கு ஆகாது. ட்ரான்சிஸ்டர் அதை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுது.

9/
உங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளயும் இதே கதைதான். உயர் அழுத்தக் காயிலும் உங்க வீட்டுக்கு வர்ற காயிலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. நடுவுல இரும்பு உள்ளகம் இருக்கு, காந்தப் புலம் அது வழியாத்தான் தாண்டுது. செங்கோட்டைக் கணவாய்க் காத்துல சுத்துற காற்றாலைக்குள்ளயும் காந்தமும் காயிலுந்தான். அப்போ "கம்பியில்லா மின்சாரம்" ஒண்ணும் நேத்து வந்த மாயம் இல்ல. ஏறக்குறைய ரெண்டு நூற்றாண்டா நம்ம கூடவே இருக்கு. புதுசு என்னன்னா, நடுவுல இரும்பை எடுத்துட்டு வெறும் இடைவெளி விட்டிருக்கோம். அந்த இடைவெளிதான் இதோட பலவீனம்.

10/
பிள்ளைகளே, எல்இடி எரிஞ்சதும் ஃபோட்டோ எடுத்துட்டு ஓடிடாதீங்க. பரிசோதனை இப்பத்தான் ஆரம்பம். நாலு விஷயம் பண்ணிப் பாருங்க.
ஒண்ணு: வாங்குற காயிலை மெல்லத் தூக்குங்க. எத்தனை சென்டிமீட்டர்ல எல்இடி மங்குது, எதுல அணையுதுன்னு அளவுகோல் வெச்சு எழுதுங்க.
ரெண்டு: காயிலைப் பக்கவாட்டில செங்குத்தாத் திருப்புங்க. அணையும்.
மூணு: நடுவுல ஒரு எவர்சில்வர் தட்டை வையுங்க. அணையும்.
நாலு: தட்டை எடுத்துட்டு உங்க உள்ளங்கையை வையுங்க.

11/
நாலாவதுல எல்இடி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். தோல், சதை, ரத்தம், எலும்பு எல்லாத்தையும் தாண்டி அந்தப் புலம் போயிடுச்சு. கையில ஷாக் இல்ல, சூடு இல்ல, எரிச்சல் இல்ல. காக்ளியர் கருவியோட மொத்த சாமர்த்தியமும் இந்த ஒரு நிமிஷத்துல இருக்கு. நான் அரை மணி நேரம் படம் வரைஞ்சு விளக்கினாலும் ஒரு அம்மாவுக்கு வராத தைரியம், தன் உள்ளங்கைக்கு மேல எரியிற எல்இடியைப் பாத்தா வந்துடும்.

12/
முதல் பரிசோதனைக்குப் பின்னாடி உள்ள கணக்கு. காயில் ஆரம் 3.5 சென்டிமீட்டர்னு வையுங்க. நடுக்கோட்டுல 3.5 சென்டிமீட்டர் தள்ளிப் போனா காந்தப் புலம் 35 சதவீதந்தான் மிஞ்சும். 7 சென்டிமீட்டர்ல 9 சதவீதம். 10.5 சென்டிமீட்டர்ல 3 சதவீதம். திறன்னு பாத்தா அதோட வர்க்கம்: 12 சதவீதம், 1 சதவீதத்துக்கும் கீழே, கடைசியில 0.1 சதவீதம். அதாவது மூணு ஆரம் தள்ளினா ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரு சாண் தள்ளினா ஒண்ணுமே இல்லைன்னு வெச்சுக்கலாம்.

13/
இந்தக் கணக்கைக் கையால உணர்ந்த பிள்ளையை வாட்ஸ்அப் ஏமாத்த முடியாது. "காந்தத்தை ஃபோன் பின்னாடி ஒட்டினா காத்துல இருந்தே சார்ஜ் ஏறும்", "வீடு முழுக்க இலவச மின்சாரம், டெஸ்லாவின் ரகசியம்" எல்லாம் அவன்கிட்ட எடுபடாது. நிகோலா டெஸ்லா நிஜமாவே முயற்சி பண்ணினார். 1901-ல நியூயார்க் பக்கத்துல வார்டன்கிளிஃப்ல பெரிய கோபுரம் கட்ட ஆரம்பிச்சார். பணம் நின்னது, திட்டம் நின்னது, 1917-ல கோபுரத்தை இடிச்சாங்க. ரகசியம் எதையும் யாரும் ஒளிச்சு வைக்கல.

14/
2007-ல அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வாளர்கள் ரெண்டு மீட்டர் தூரத்துல 60 வாட் பல்பை எரிய வெச்சாங்க. எப்படி? 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரெண்டு காயிலையும் ஒரே அலைவரிசைக்குச் சுருதி சேர்த்தாங்க. அப்பவும் பாதிக்கு மேல வீண், போய்ச் சேர்ந்தது சுமார் 40 சதவீதம். உலகத்தின் தலைசிறந்த ஆய்வகத்துலயே இந்த நிலைன்னா, பக்கத்து வீட்டுக் காணொளியில பத்தடி தள்ளி எரியிற பல்புக்குள்ள பேட்டரி ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சுக்கலாம்.

15/
இப்போ காதுக்கு வருவோம். காக்ளியர் கருவிக்கு ரெண்டு பாகம். வெளியே காதுக்குப் பின்னாடி மைக், பிராசசர், பேட்டரி. அதுல இருந்து ஒரு சின்ன வயர், வயரோட நுனியில வட்டமா ஒரு காயில். உள்ளே, தோலுக்கு அடியில மண்டை எலும்பு மேல இன்னொரு காயில், அதுல இருந்து உள்காதின் நத்தை எலும்புக்குள்ள போற மின்முனைகள். ரெண்டு காயிலையும் நேருக்கு நேரா பிடிச்சு வைக்க ஆளுக்கொரு காந்தம். நீங்க மேசையில பாத்தீங்களே, காயிலைத் திருப்பினா அணைஞ்சுது. அது நடக்கக் கூடாதுன்னுதான் காந்தம்.

16/
உள்ளே பேட்டரி கிடையாது. இது முக்கியம். பேஸ்மேக்கர்ல பேட்டரி உள்ளே இருக்கு, அதனால சில வருஷங்களுக்கு ஒரு தடவை திறந்து மாத்தணும். காக்ளியர்ல சத்தத்தோட தகவலும், அது ஓடத் தேவையான மின்சாரமும் தோலைத் தாண்டி வெளிக் காயில்ல இருந்தே போகுது. சில மில்லிமீட்டர் தூரந்தான். வெளிக் காயில் கழண்டு விழுந்த அந்த நொடியே குழந்தைக்கு முழு நிசப்தம். வயர் அறுந்தாலும் அதேதான். அதனால "கருவி போட்டும் கேக்கலையே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி வயர், காயில், பேட்டரி மூணையும் பாருங்க. பல நேரம் பழுது அங்கேதான்.

17/
1978-ல ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன்ல கிரேம் கிளார்க் பல மின்முனை கொண்ட கருவியை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். தமிழ்நாட்டில் இதைப் பரவலாக்கினவங்கள்ல முக்கியமானவர் சென்னையின் டாக்டர் மோகன் காமேஸ்வரன். முன்னாடி பல லட்சம் இருந்தாத்தான் முடியும்னு இருந்த சிகிச்சை, இன்னைக்கு 6 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல கிடைக்குது. இது நம்ம மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா குழந்தை நேரத்துக்கு வந்து சேரணும்.

18/
ஏன் நேரம்? கேக்குறது காது மட்டும் இல்ல, மூளை. பிறந்து முதல் ரெண்டு மூணு வருஷத்துல சத்தம் போய்ச் சேரலைன்னா, கேட்டுப் புரிஞ்சுக்க வேண்டிய மூளைப் பகுதியை வேற வேலைகள் எடுத்துக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல கருவி போட்டாலும் பேச்சு வர்றது கஷ்டம். அதனாலதான் மருத்துவத்துல 1-3-6னு ஒரு கணக்கு: ஒரு மாசத்துக்குள்ள பரிசோதனை, மூணு மாசத்துக்குள்ள நோயறிதல், ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை தொடங்கணும். முதல் பரிசோதனைக்குப் பேர் ஓஏஇ. காதுல சின்னதா ஒண்ணை வைப்பாங்க, சில நிமிஷம், ஊசி கிடையாது, வலி கிடையாது.

19/
நம்ம ஊர்ல இதுக்கு எதிரி ஒரே ஒரு வாக்கியந்தான்: "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்." ஆச்சிமார் பாசத்துல சொல்றதுதான், ஆனா அதுல குழந்தையோட பொன்னான ரெண்டு வருஷம் போயிடுது. "தட்டைத் தட்டினா திரும்புதே"ன்னும் சொல்வாங்க. தரை அதிர்றதையும், உங்க கை அசைவையும், நிழலையும் பாத்துக்கூட குழந்தை திரும்பும். அதைக் கேக்குற திறனுக்கு அத்தாட்சியா எடுத்துக்காதீங்க. ஆறு மாசத்துல குரல் வந்த திசைக்குத் திரும்பலையா, ஒரு வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டாப் பாக்கலையா, உடனே காட்டுங்க.

20/
இன்னொண்ணும் சொல்லணும், கோபிச்சுக்காதீங்க. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நம்ம பக்கம் சகஜம். பிறவிக் காதுகேளாமைக்குக் காரணமான சில மரபணுக் குறைகள் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் வெளியே தெரியாம இருந்து, குழந்தைகிட்ட ஒண்ணு சேரும்போது வெளிப்படும். சொந்தத்துல கட்டினா அந்த வாய்ப்பு கூடும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதைச் சொல்லல. அந்த வீட்டுல குழந்தை பிறந்தா ஓஏஇ பரிசோதனையை மறக்கவே கூடாதுன்னு சொல்றேன். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில காது மூக்கு தொண்டைப் பிரிவுல கேளுங்க. வழி தெரியலைன்னா 104-க்கு ஃபோன் பண்ணுங்க.

21/
குத்தாலத்துக்காரங்களுக்கும் குளிக்க வர்றவங்களுக்கும் தனியா ஒரு குறிப்பு. காக்ளியர் கருவி போட்ட குழந்தை அருவியில குளிக்கலாமா? உள்பாகத்துக்குத் தண்ணியால ஒண்ணும் ஆகாது. வெளிப்பாகத்தைக் கழட்டி, ஈரம் படாத டப்பாவுல வெச்சுட்டுத்தான் போகணும். எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதா இருந்தா எண்ணெய்க்கு முன்னாடியே கழட்டணும். பேரருவி விழுற இடத்துல தலையை நேராக் கொடுக்க வேண்டாம், கருவி இருக்கிற இடத்துல பலமான அடி படக் கூடாது. ஓரமா, மெல்லிசா விழுற இடம் போதும்.

22/
இதைவிடப் பெரிய விஷயம்: கருவியைக் கழட்டினா அந்தக் குழந்தைக்கு எந்தச் சத்தமும் கேக்காது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசு மாணவர் ஒருத்தர் உயிரிழந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளம் வரும்போது முதல்ல வர்றது சத்தமும், ஜனங்க போடுற கூச்சலும், போலீஸ் விசிலுந்தான். இந்தக் குழந்தைக்கு அது எதுவும் போய்ச் சேராது. அதனால ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். "வா, வெளியே போகலாம்"ங்கிறதுக்கு ஒரு கைச்சைகையை வீட்டுலயே பழக்கிட்டு வாங்க.

23/
இனி, நிபந்தனைக்கு வருவோம். ஏன் பேட்டரி மட்டும்? சாரல் காலத்துல நம்ம ஊர்ல எப்பவும் ஈரம். தரை ஈரம், துணி ஈரம், கை ஈரம். காய்ஞ்ச தோலோட மின்தடை லட்சம் ஓம் வரைக்கும் இருக்கலாம். நனைஞ்ச தோலுக்கு ஆயிரம் ஓம் பக்கத்துல வந்துடும். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போடுங்க: காய்ஞ்ச கைக்கு 2.3 மில்லி ஆம்பியர், ஈரக் கைக்கு 230 மில்லி ஆம்பியர். உடம்பு வழியா 100 மில்லி ஆம்பியர் ஓரிரு நொடி பாய்ஞ்சாலே இதயம் தாளம் தப்பி வெறுமனே நடுங்கிக்கிட்டு நிக்கலாம். 9 வோல்ட்டுக்கு அதே ஈரக் கையில 9 மில்லி ஆம்பியர். சுருக்குன்னு தெரியலாம், உயிரை எடுக்காது.

24/
சில காணொளியில ப்ளக்ல இருந்து நேரா காயிலுக்கு வயர் கொடுக்கிறாங்க. முப்பது சுத்துக் காயில் 230 வோல்ட்டுக்கு முன்னாடி ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்தான். கம்பி பழுத்து எனாமல் கருகும், தீப்பிடிக்கும், அதைத் தொட்டவங்க கதி என்னன்னு மேலயே பாத்தோம். பழைய இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரிச்சுக் காயிலை எடுக்கிறது, மைக்ரோவேவ் அவனைப் பிரிச்சு டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கிறது, ரெண்டுமே கூடவே கூடாது. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட் அளவுக்குத் தரும், அதோட கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கின அப்புறமும் மின்சாரத்தை வெச்சிருக்கும். அதுல விளையாடி வெளிநாடுகள்ல உயிரே போயிருக்கு.

25/
யாருக்காவது ஷாக் அடிச்சா: ஓடிப் போய் அவரைத் தொடாதீங்க. முதல்ல மெயின் சுவிட்ச். முடியலைன்னா காய்ஞ்ச கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால விலக்குங்க. மூச்சு இல்லைன்னா 108-க்கு ஃபோன் பண்ணச் சொல்லிட்டு, மார்பு நடுவுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்துல அழுத்துங்க, வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எழுந்து நல்லாப் பேசினாலும் ஈசிஜி ஒண்ணு எடுத்துடுங்க. வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லைன்னா இந்தச் சாரலுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுடுங்க.

26/
பேஸ்மேக்கர் வெச்சிருக்கிற தாத்தா, ஆச்சிமாருக்கு: ஃபோனைச் சட்டைப் பையில நெஞ்சோட ஒட்டி வைக்காதீங்க. காந்தம் உள்ள ஃபோனுக்கு 15 சென்டிமீட்டர், அது வயர்லெஸ் சார்ஜர்ல இருக்கும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி இருக்கணும்னு தயாரிப்பு நிறுவனமே சொல்லுது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு ரெண்டு அடி. பேரன் செஞ்ச காயிலையும் மேசையில தள்ளி வெச்சே ரசிங்க. காக்ளியர் போட்ட பிள்ளைகளும் இந்த சர்க்யூட்டைச் செய்யலாம், ஆனா காயிலைத் தலைப் பக்கம் கொண்டு போகாம கை நீட்டுற தூரத்துல வெச்சுச் செய்யணும்.

27/
மத்தவங்களுக்கு வயர்லெஸ் சார்ஜரால புற்றுநோய் வருமா? இந்த அலைவரிசைக்கு மரபணுவை உடைக்கிற ஆற்றல் கிடையாது. அளவுக்கு மீறிப் போனா திசுவைச் சூடாக்கும், நரம்பைத் தூண்டும்; அதுக்குத்தான் சர்வதேச வரம்புகள் இருக்கு. தள்ளிப் போகப் போக எவ்வளவு வேகமா குறையுதுன்னு உங்க பிள்ளை அளவுகோல் வெச்சு எழுதியிருக்கு, அந்த நோட்டைப் பாருங்க. சார்ஜர் மேல சாவி, காசு வைக்காதீங்க, அது சூடாகும். அது போதும்.

28/
பட்டன் பேட்டரி பத்தி ஒரு வரி. பொம்மையிலயும், சில காக்ளியர் மாடல்லயும், இந்த மாதிரி ப்ராஜெக்ட்லயும் வரும். குழந்தை முழுங்கினா உணவுக்குழாய்ல மாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே வெந்து புண்ணாகலாம். "வெளிக்கி வந்துடும்"னு காத்திருக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்துப் பாக்காதீங்க, நேரா பெரிய மருத்துவமனை.

29/
"நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு டாக்டர்?"னு கேப்பீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை டாக்டர் ஆனா, கருவியைக் கழட்டி வெச்சுட்டு வந்து நிக்கிற ஒரு அம்மாவுக்குப் பயம் போற மாதிரி விளக்கத் தெரியணும். டாக்டர் ஆகலைன்னா, அந்த அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து விளக்கத் தெரியணும். 1981-ல எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில அமர் சேவா சங்கத்தைத் தொடங்கின மண் இது. உடற்குறை உள்ள பிள்ளையை மூலையில உக்கார வைக்கக் கூடாதுன்னு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் புதுசாச் சொல்லித் தர வேண்டியதில்ல.

30/
ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவியல் கண்காட்சியில இந்த மாடல் வந்தா, எல்இடி எவ்வளவு பளிச்சுன்னு எரியுதுன்னு பாத்து மார்க் போடாதீங்க. தூரத்தை அளந்து எழுதின நோட்டைக் கேளுங்க. பக்கத்துல ஒரு சின்ன அட்டையில "உங்க வீட்டுக் குழந்தைக்குக் காது பரிசோதனை பண்ணியாச்சா?"ன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க. பாக்க வர்ற அம்மாமாரை உள்ளங்கையை நடுவுல வைக்கச் சொல்லுங்க. மீதியை எல்இடி பாத்துக்கும்.

31/
சுருக்கமா:
• செய்யுங்க, 9 வோல்ட் பேட்டரியில மட்டும்.
• ப்ளக், அடுப்பு, மைக்ரோவேவ் பக்கம் போகாதீங்க.
• பேஸ்மேக்கர், காக்ளியர் உள்ளவங்க தள்ளி நில்லுங்க.
• பிறந்த குழந்தைக்கு ஒரு மாசத்துக்குள்ள ஓஏஇ.
• காக்ளியர் போட்ட குழந்தையோட கருவியைப் பயத்துல கழட்டாதீங்க. குளிக்கும்போது கழட்டினா கையை விடாதீங்க.

கைக்குழந்தை உள்ள வீடு எதாவது உங்களுக்குத் தெரியும்னா, இந்த இழையில 18-வது பதிவை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்பிடுங்க. செஞ்சு பாத்த பிள்ளைகள் எத்தனை சென்டிமீட்டர்ல எல்இடி அணைஞ்சுதுன்னு கீழே எழுதுங்க. எரியலைன்னாலும் எழுதுங்க, சேர்ந்து தேடலாம்.